சான்றிதழ் சொல்லாத சங்கதி

மலேசியாவில், அம்பாங் தாமான் ஒன்றில் உள்ள முதியோர் இல்லத்தில் தாயையோ தந்தையையோ சேர்க்கப் போகிறவர்கள், சமூகநல இலாகாவின் பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பார்க்க வேண்டியதுதான். நான்கு பேரோ அதற்கு மேலோ தங்கவைத்துப் பராமரிக்கும் தனியார் இல்லம் பதிந்திருக்க வேண்டும் என்கிறது 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டம். ஆனால் அந்தச் சான்றிதழுக்கு இரண்டே பதில்தான் தெரியும்: நடத்தலாம், நடத்தக்கூடாது. எப்படி நடத்துகிறார்கள் என்பது அதில் இல்லை. குறை கண்ட அதிகாரிக்கும் இது சங்கடம். இழுத்து மூடினால் உள்ளே இருக்கும் இருபது பேரை எங்கே கொண்டுபோய் விடுவது? கண்டும் காணாமல் இருப்பது அப்போது ஏறக்குறைய கருணையாகவே தோன்றிவிடும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு படி வேண்டும். இங்கிலாந்தின் பராமரிப்புத் தர ஆணையம் இல்லங்களை நான்கு தரமாகப் பிரிக்கிறது: மிகச் சிறப்பு, நன்று, மேம்பட வேண்டும், போதாது. கிடைத்த தரத்தை இல்லம் வருபவர் கண்ணில் படும்படி ஒட்டியாக வேண்டும். அறிக்கையை யாரும் வாசிக்கலாம். மூன்றாவது தரம்தான் இதில் சூட்சுமம். இல்லம் திறந்தே இருக்கும், குறையும் ஊருக்குத் தெரிந்துவிடும்.

தரமும் பொய் சொல்லுமே என்று கேட்கலாம். சொல்லியிருக்கிறது. அமெரிக்கா 2008இல் பராமரிப்பு இல்லங்களுக்கு நட்சத்திரத் தரம் வழங்கத் தொடங்கியபோது, ஊழியர் எண்ணிக்கைக்கு இல்லங்கள் தாமே கொடுத்த கணக்கைத்தான் நம்பியது. சம்பளப் பட்டியலைக் கேட்கத் தொடங்கியது பல ஆண்டுகளுக்குப் பிறகு. இங்கிலாந்திலும், ஆணையத்துக்குச் சோதிக்கும் அதிகாரம் உள்ள இடங்களில் ஐந்தில் ஒன்று ஒருமுறைகூடத் தரம் பெறவில்லை என்று, அந்த ஆணையத்தின் செயல்பாடு குறித்து 2024இல் மருத்துவர் பென்னி டாஷ் நடத்திய ஆய்வு கண்டது. இதற்காகத் தரத்தையே கைவிட வேண்டியதில்லை. தரத்தோடு சோதனை நடந்த தேதியும் முழு அறிக்கையும் வெளிவர வேண்டும். சோதனை சொல்லாமல் வர வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்ததாக அட்டவணை சொல்லும். நள்ளிரவு, இரண்டு மணி, நான்கு மணி எல்லாம் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் போட்ட கையெழுத்தாக இருந்தால், அதிகாரி அட்டவணையை விட்டுவிட்டு இடுப்பையும் குதிகாலையும் பார்க்க வேண்டும். படுக்கைப்புண்ணுக்குப் பொய்க் கையெழுத்துப் போடத் தெரியாது.

சிறிய இல்லங்கள் செலவு தாங்காமல் மூடிவிடும், இல்லையென்றால் மாதக் கட்டணம் ஏறும் என்பது இன்னொரு வாதம். ஆளைக் கூட்டினால் செலவு கூடும்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அறிக்கையை வெளியிடுவதற்கு இல்லத்துக்கு ஒரு காசு செலவில்லை. தண்ணீர் டம்ளரைக் கட்டிலில் கிடப்பவரின் கைக்கு எட்டும் தூரத்தில் வைப்பதற்கும்தான்.