நன்னடத்தை முச்சலிக்காவை மீறியோரும் போலீஸ் பதிவுகளும்

குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்றோர் யாவரும் சிறைக்குச் செல்வதில்லை. சிலரிடம் நன்னடத்தைக்காக முச்சலிக்கா எழுதி வாங்கிக்கொண்டு, நீதிமன்றம் அவர்களை ஊருக்கே திருப்பி அனுப்புவதுண்டு. அவ்வாறு திரும்பி வந்தவர் கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினராக இருக்கலாம். அவர் கடன் கேட்பார். பிறருக்கு ஜாமீன் நிற்பார். நிர்வாகக் குழுவின் தேர்தலுக்கும் நிற்பார். அந்நேரத்தில், "அவர் முச்சலிக்காவை மீறிவிட்டார், போலீஸில் பதிவாகியிருக்கிறது" என்று ஒரு பேச்சு எழுமாயின் சங்கத்தார் செய்யத்தக்கது யாது? வதந்தியை நம்பி ஒருவரை விலக்குதல் அநீதி. உண்மையை விசாரியாமல் விடுதலோ சங்கத்தின் பணத்திற்கு ஆபத்து. ஆகவே எந்தப் பதிவு எங்கே உள்ளது, அதை எவர் எம்முறையில் கேட்கலாம் என்பதை ஒவ்வோர் அங்கத்தினரும் அறிந்திருத்தல் நலம்.

சட்டம் வந்த வழி

சென்னை மாகாணத்தில் 1936 ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் இயற்றப்பட்ட காலத்தில், காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்தது. பிரான்ஸில் 1891 மார்ச் 26 ஆம் நாளின் சட்டம், முதல் முறை தண்டனை பெற்றவரின் சிறைவாசத்தை நிறுத்திவைக்க நீதிபதிக்கு அதிகாரம் அளித்தது. ஐந்து ஆண்டுகள் புதுக் குற்றமின்றிக் கழிந்தால் அத்தண்டனை இல்லாததாயிற்று. தண்டனைகளைக் குறித்துவைக்கும் நீதிப் பதிவேடு அந்நாட்டில் 1850 இல் ஏற்பட்டது. 1899 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி அதன் மூன்றாம் எண் நகலைச் சம்பந்தப்பட்டவர் ஒருவரே பெறலாம். அயலார் பெற இயலாது. ஒருவரது பழைய பிழையை ஊரார் விருப்பம்போல் புரட்டிப் பார்த்தல் ஆகாது என்பதே அதன் கருத்து.

காரைக்காலின் நிர்வாகம் 1954 நவம்பர் 1 இல் இந்தியாவிடம் வந்தது; சட்டபூர்வ மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 இல் நிறைவேறியது. 1963 அக்டோபர் 1 முதல் இந்தியக் குற்றவியல் சட்டங்கள் அங்கு அமலாயின. இன்று இப்பொருளை ஆள்வது 1958 ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டமாகும்.

முச்சலிக்காவும் மீறுதலும்

மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றமல்லாத வழக்கில், மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாத காலத்திற்கு முச்சலிக்கா பெற்று ஒருவரை விடுவிக்க 4 ஆம் பிரிவு நீதிமன்றத்திற்கு இடமளிக்கிறது. அவருக்கோ அவருடைய ஜாமீன்தாரருக்கோ நிலையான வசிப்பிடமோ ஒழுங்கான தொழிலோ இருத்தல் வேண்டும். நீதிமன்றம் விரும்பின், ஓர் ஆண்டுக்குக் குறையாத காலம் அவரை நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் வைக்கலாம். வசிப்பிடம், மதுவிலக்கு முதலியன பற்றியும் ஷரத்துக்கள் விதிக்கலாம்.

ஷரத்து மீறப்பட்டால் நிகழ்வதை 9 ஆம் பிரிவு கூறுகிறது. நன்னடத்தை அலுவலரின் அறிக்கையால் "அல்லது வேறு வகையால்" மீறுதல் நிகழ்ந்ததென நம்பக் காரணமிருப்பின், நீதிமன்றம் சம்மனோ பிடிவாரண்டோ பிறப்பிக்கலாம். விசாரித்தபின் பழைய குற்றத்திற்குரிய தண்டனையை விதிக்கலாம். முதல் முறை மீறுதலாயின், முச்சலிக்காவைத் தொடரவிட்டு, ஐம்பது ரூபாய்க்கு மேற்படாத தொகை கட்டச் செய்யலாம். ஆகவே மீறுதல் என்பது நீதிமன்றம் விசாரித்து முடிவு செய்யும் விஷயம். போலீஸ் நிலையத்தில் ஒருவர் பெயர் எழுதப்பட்டிருப்பது மாத்திரம் அம்முடிவாகாது.

சங்கத்தார் 12 ஆம் பிரிவையும் கவனித்தல் வேண்டும். நன்னடத்தையின்பேரில் விடுவிக்கப்பட்டவரை, குற்றத்தீர்ப்பால் நேரும் தகுதியிழப்பு பற்றாது. பின்னர் அவர் மீறி, பழைய குற்றத்திற்கே தண்டனை பெற்றால் அப்பாதுகாப்பு நீங்கிவிடும். தேர்தலுக்கு நிற்பவர் விஷயத்தில் சங்கத்திற்குத் தேவையான தஸ்தாவேஜு ஒன்றே: 9 ஆம் பிரிவின்படி நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின் நகல்.

எதை எங்கே கேட்பது

அவ்வுத்தரவின் நகலை நீதிமன்றத்தில், அதன் விதிகளின்படி, கட்டணம் செலுத்திப் பெறவேண்டும். நீதிமன்றக் கட்டுகளின் நகலைப் பெற அம்முறையையே பின்பற்ற வேண்டும், தகவல் உரிமைச் சட்டத்தின் வழி அதற்குரியதன்று என உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தீர்ப்பளித்தது. நன்னடத்தை அலுவலர் நீதிமன்றத்திற்குத் தரும் முன்னறிக்கை 7 ஆம் பிரிவின்படி இரகசியமானது.

போலீஸாரிடம் இருக்கக்கூடியவை வேறு: புதுக் குற்றத்தின் முதல் தகவல் அறிக்கை, வாரண்டு வந்ததும் நிறைவேற்றியதுமான குறிப்பு, தொகைக் கணக்குகள். முதல் தகவல் அறிக்கைகளை, நுட்பமான வழக்குகள் நீங்கலாக, 24 மணி நேரத்திற்குள் இணையதளத்தில் வெளியிட வேண்டுமென 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஏனையவற்றை 2005 ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்படி போலீஸ் இலாகாவின் பொதுத் தகவல் அலுவலரிடம் கேட்கலாம்.

மனு எழுதும் முறை

இவ்வுரிமை இந்தியப் பிரஜைகளுக்கே உரியது. காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை உடைய குடும்பங்கள் பல உள்ளமையால் இதை நினைவில் வைத்தல் அவசியம். மனுவைச் சங்கத்தின் பெயரால் மட்டும் அனுப்பாமல், ஓர் அங்கத்தினர் தம் சொந்தப் பெயரைக் குறித்துக் கையொப்பமிட்டு அனுப்புதல் நலம். காரணம் கூற வேண்டியதில்லை. வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ளோருக்குக் கட்டணமில்லை.

கேள்வி தெளிவாகவும் ஆண்டு குறித்தும் இருக்கட்டும். உதாரணமாக: "2022 முதல் 2024 வரை, 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9 ஆம் பிரிவின்படி காரைக்கால் மாவட்டப் போலீஸ் நிலையங்களுக்கு ஆண்டுதோறும் வந்த வாரண்டுகள் எத்தனை? நிறைவேறியவை எத்தனை?" இவ்வகைத் தொகைக் கேள்வி எவர் அந்தரங்கத்தையும் தொடுவதில்லை. இன்னார் மீறினாரா எனப் பெயர் சுட்டிக் கேட்டால், சொந்த விவரம் என்றோ, புலன்விசாரணைக்கு இடையூறு என்றோ 8 ஆம் பிரிவின்படி மறுக்கப்படலாம். பதினெட்டு வயது நிரம்பாதோரை அடையாளம் காட்டும் விவரங்களைச் சட்டம் காக்கிறது, அவற்றைக் கேட்கலாகாது.

விடை 30 நாட்களுக்குள் வரவேண்டும். தகவல் வேறு இலாகாவிடம் இருப்பின், மனுவை 5 நாட்களுக்குள் அங்கு மாற்றி அனுப்புவது அலுவலரின் கடமை. விடை வாராவிடினும் திருப்தியளிக்காவிடினும், 30 நாட்களுக்குள் மேலதிகாரியிடம் முதல் அப்பீலும், அதன்பின் 90 நாட்களுக்குள் இரண்டாம் அப்பீலும் செய்யலாம். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த காரைக்காலுக்கு இரண்டாம் அப்பீல் டில்லியிலுள்ள மத்தியத் தகவல் ஆணையத்திற்குச் செல்லும். வயல் வரப்பைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்குள்ள போலீஸ் பதிவுகளைப் பற்றியதாயின் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்திற்குச் செல்லும். திருநள்ளாற்றில் முச்சலிக்கா எழுதிக்கொடுத்தவர் நாகப்பட்டினத்துப் பக்கம் குடியேறி அங்கே மீறினால், இரு சர்க்கார்களிடமும் தனித்தனியே மனுச் செய்ய நேரிடலாம்.

சங்கத்தின் கடமை

மீறுதலை நேரில் அறிந்தவர், அதை நன்னடத்தை அலுவலருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.  ஐயமெனில், முதலில் சம்பந்தப்பட்டவரையே அழைத்து, நீதிமன்ற உத்தரவின் நகலைக் காட்டும்படி மரியாதையாகக் கேட்பதே சிறந்தது. ஷரத்துப்படி நடப்பவர் அதைக் காட்டத் தயங்கக் காரணமில்லை. சங்கத்திலிருந்து தள்ளப்பட்டவருக்குத் தொழிலும் வசிப்பிடமும் நிலைப்பது அரிது. அவையிரண்டுமே முச்சலிக்காவின் அஸ்திவாரம். தஸ்தாவேஜைக் கண்டபின் தீர்மானிக்கும் சங்கம் தன் பணத்தையும் காத்துக்கொள்ளும். திருந்த முயலும் ஒரு குடியானவனையும் இழக்காது.