வால்டோர்ஃப் பள்ளி: வகுப்பாசிரியர் நிலைத்திருப்பாரா?

வால்டோர்ஃப் முறைப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பாடநூல் கிடையாது. பரீட்சை, மதிப்பெண், ரேங்க் கார்டு எதுவும் கிடையாது. காலையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஒரே பாடம். அதுவே மூன்று, நான்கு வாரங்களுக்குத் தொடரும். இந்தக் காலைப் பாடத்தை நடத்துபவர் வகுப்பாசிரியர். ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகளை ஏற்றுக்கொள்ளும் அவரே எட்டாம் வகுப்பு வரை அவர்களோடு சேர்ந்து மேலேறி வர வேண்டும் என்பது இம்முறையின் பழைய ஏற்பாடு. சேர்க்கைக்குப் போகும் பெற்றோர் முதலில் விசாரிக்க வேண்டியது, அந்தப் பள்ளியில் இது உண்மையாகவே நடக்கிறதா என்பதைத்தான்.

முதல் பள்ளி 1919 செப்டம்பர் 7 அன்று ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் தொடங்கியது. வால்டோர்ஃப் அஸ்டோரியா சிகரெட் ஆலையை நடத்திய எமில் மோல்ட், தம் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக அதை அமைத்து, நடத்தும் பொறுப்பை இம்முறையை வகுத்த ருடால்ஃப் ஸ்டைனரிடம் ஒப்படைத்தார். பள்ளிக்கு வாய்த்த இடம், முன்பு உணவகமாக இருந்த ஒரு கட்டடம். 256 பிள்ளைகள், 12 ஆசிரியர்கள். திறப்பதற்கு முந்தைய இரண்டு வாரங்களும் ஸ்டைனர் ஆசிரியர்களுக்கே வகுப்பெடுத்தார். கட்டடத்தைவிட ஆசிரியரைத் தயார்செய்வதுதான் அன்று முக்கிய வேலையாக இருந்தது.

இன்று உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் இம்முறையில் நடக்கின்றன. ஐதராபாத், மும்பை, பெங்களூரு, கோவை போன்ற நகரங்களிலும் உண்டு. ஆலைத் தொழிலாளியின் பிள்ளைக்காகப் பிறந்த கல்வி, இங்கே பெரும்பாலும் வசதியுள்ள குடும்பங்களுக்கே எட்டுகிறது என்பது வருத்தத்துக்குரியது. பல நாடுகளில் ‘வால்டோர்ஃப்’, ‘ஸ்டைனர்’ என்பவை சட்டப் பாதுகாப்புள்ள பெயர்கள். வால்டோர்ஃப் பள்ளிகளின் அமைப்பு அங்கீகரித்த பள்ளிகளே அவற்றைச் சூட்டிக்கொள்ளலாம். ‘வால்டோர்ஃப் வழியில்’ என்று விளம்பரம் செய்ய அப்படி எந்தத் தகுதியும் கேட்கப்படுவதில்லை. மர பொம்மையும் பருத்தித் திரையும் மட்டும் வைத்துக்கொண்டு பாடநூல் வழியிலேயே நடத்துகிற பள்ளியும் அதே சொல்லைப் போட்டுக்கொள்ள முடியும்.

வகுப்பில் நடப்பது இது. ஆசிரியர் ஒரு கதை சொல்கிறார். புத்தகத்தைப் பார்த்து அல்ல, மனத்திலிருந்து. கதையில் ஒரு பாம்பு வளைந்து வளைந்து புல்லுக்குள் போகிறது. அன்று எழுத்து எதுவும் இல்லை. மறுநாள் பிள்ளைகள் அந்தக் கதையைத் திருப்பிச் சொல்கிறார்கள்; ஆசிரியர் கரும்பலகையில் வண்ணச் சாக்கட்டியால் பாம்பை வரைகிறார். அந்த வளைவிலிருந்து ஆங்கில ‘எஸ்’ எழுத்து மெல்லப் பிரிந்து வருகிறது. பிள்ளைகள் அந்த வளைவைக் காற்றில் எழுதி, தரையில் நடந்து பார்த்து, பிறகு தேன்மெழுகுக் கட்டியால் கோடில்லாத பெரிய நோட்டில் வரைகிறார்கள். அந்த நோட்டுதான் அவர்களுடைய பாடப்புத்தகம். இதற்குப் பிறகு குழல் வாசிப்பு, பின்னல் வேலை, நீர்வண்ணம், யூரித்மி என்னும் அசைவுப் பயிற்சி எல்லாம் வருகின்றன.

வாசிப்பைத் தாமதமாகத் தொடங்குவது பற்றிப் பெற்றோர் மிகவும் கலங்குவதுண்டு. அவ்வளவு கலங்க வேண்டியதில்லை. நியூசிலாந்தில் நடந்த ஓர் ஆய்வில், ஏழு வயதில் வாசிக்கத் தொடங்கியவர்கள் ஐந்து வயதில் தொடங்கியவர்களைப் பத்து, பதினோரு வயதுவாக்கில் எட்டிப்பிடித்திருந்தார்கள். கவலைப்பட வேண்டிய இடம் வேறு. பாடநூலும் பரீட்சையும் இல்லாத இடத்தில், பிள்ளைக்கு எது தெரியும், எது தெரியாது என்ற கணக்கு முழுக்க ஆசிரியர் ஒருவர் மனத்தில்தான் இருக்கிறது. அவர் பாதியில் விலகினால் அந்தக் கணக்கும் அவரோடு போய்விடுகிறது. நான்காம் வகுப்பில் வர வேண்டிய பின்னத்தை ஒருவர் ‘அடுத்த ஆண்டு பார்ப்போம்’ என்று தள்ளிவைத்திருந்தால், புதிதாக வருபவருக்கு அதைச் சொல்ல ஆளில்லை. காட்டிக்கொடுக்க ஒரு விடைத்தாள்கூட இல்லை. இதைவிடக் கொடுமை, எழுத்துக்கூட்டி வாசிப்பதில் உண்மையான கோளாறு உள்ள பிள்ளையின் நிலை. முதல் ஆசிரியர் ‘நேரம் வரும், பொறுங்கள்’ என்கிறார். அடுத்தவரும் பிள்ளையைப் புரிந்துகொள்ள ஓராண்டு எடுத்துக்கொண்டு அதையே சொல்கிறார். மூன்றாமவர் வரும்போது பிள்ளைக்குப் பத்து வயது. பொறுமை இம்முறையின் பெரிய பலம். பக்கத்தில் இருந்து பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு மட்டுமே அந்தப் பொறுமைக்கு உரிமை உண்டு.

எட்டு ஆண்டும் ஒரே ஆசிரியர் என்றால், பிள்ளைக்கும் அவருக்கும் ஒத்துவராமல் போனால் என்ன செய்வது என்று கேட்போரும் உண்டு. நியாயமான கேள்விதான், சில பள்ளிகள் ஐந்து, ஆறு ஆண்டுகளோடு நிறுத்திக்கொள்கின்றன. ஸ்டைனரின் ஆன்மிகக் கொள்கைகளை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஓர் ஆசிரியர் மாறும் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இந்த இரண்டு விவாதங்களாலும் பயன் இல்லை.

ஆகவே விசாரணை ஆசிரியரிடமிருந்தே தொடங்க வேண்டும். இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதுவரை எத்தனை வகுப்பாசிரியர்கள்? ஒன்றாம் வகுப்பை ஏற்கப்போகிறவர் எங்கே பயிற்சி பெற்றார், இன்னும் பயில்கிறாரா? அவருக்கு வழிகாட்ட மூத்த ஆசிரியர் உண்டா? அவர் விலகினால் குறிப்புகளைக் கைமாற்றும் வழக்கம் இருக்கிறதா? சம்பளம் பற்றிக் கேட்பது நாகரிகமல்ல என்று ஒதுங்க வேண்டாம்; தினமும் இரவில் கதையும் படமும் தயாரிக்க வேண்டிய வேலைக்குக் குறைந்த சம்பளம் கொடுத்தால் யாரும் நிலைக்க மாட்டார்கள். மூன்றாம், நான்காம் வகுப்பு நோட்டுகளையும் வாங்கிப் புரட்டிப் பார்க்கலாம். எல்லா நோட்டிலும் ஒரே படமும் ஒரே வரிகளும் இருந்தால் பிள்ளைகள் பலகையைப் பார்த்து நகலெடுப்பதோடு சரி. மேல் வகுப்பு நோட்டில் பிள்ளையின் சொந்த வாக்கியங்கள் வர வேண்டும்.

பள்ளியின் பெயரோடு வரும் ‘இன்டர்நேஷனல்’ என்ற அடைமொழி இதில் பெரிதாக ஒன்றும் சேர்ப்பதில்லை. பல இடங்களில் அது ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வு என்பதையே குறிக்கிறது. வேறு சில பள்ளிகள் தேசியத் திறந்தநிலைப் பள்ளித் தேர்வுக்கு அனுப்புகின்றன. எந்தத் தேர்வு, இதுவரை எத்தனை ஆண்டு மாணவர்கள் எழுதியுள்ளனர் என்பதை எழுத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சி.பி.எஸ்.இ.க்கோ மாநிலப் பாடத்திட்டத்துக்கோ மாற்ற நேர்ந்தால் ஐந்தாம் வகுப்போ எட்டாம் வகுப்போ முடிந்த பிறகு மாற்றுவது எளிது. இரண்டாம் வகுப்பில் மாற்றினால், சக பிள்ளைகள் சரளமாக வாசிக்கும்போது இந்தப் பிள்ளை எழுத்துகளோடு போராடும். அடிக்கடி இடமாற்றம் வரும் வேலையில் இருக்கும் பெற்றோர், தொடக்க வகுப்புகளுக்கு இம்முறைப் பள்ளியைத் தவிர்ப்பதே நல்லது.