மணிக்கட்டில் ஒரு பார்கோடு

சூ கின்னிக், அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் டொபீகா நகரின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தார். 1992-இல் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கப் போனார். ஊழியர் கையடக்கக் கருவியால் காரின் பார்கோடைப் படித்து நொடியில் கணக்கை முடித்தார். காருக்கு முடிவது மருந்துக்கு முடியாதா என்று தோன்றியது அவருக்கு. 2000-ஆம் ஆண்டு வாக்கில் அந்த யோசனை நாடெங்கும் உள்ள படைவீரர் மருத்துவமனைகளுக்குப் போய்விட்டது.

நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையில் ஒரு பார்கோடு, மருந்து உறையில் இன்னொன்று. இரண்டையும் ஸ்கேனர் படித்ததும், மருத்துவர் எழுதிய குறிப்போடு கணினி ஒப்பிடுகிறது. 250 மில்லிகிராம் எழுதியிருக்க, கையில் 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் உடனே திரையில் எச்சரிக்கை!

ஆனால் ஊசி தசையில் போகிறதா, ரத்தக்குழாயில் போகிறதா என்று கணினிக்குத் தெரியாது. மாத்திரையை நோயாளி விழுங்கினாரா என்பதும் தெரியாது. அதற்கு நர்ஸின் கண்தான் வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆய்வாளர் ராஸ் கோப்பல் குழுவினர் 5 மருத்துவமனைகளில் செய்த ஆய்வு 2008-இல் வெளியானது. இந்த முறையைச் சுற்றிக்கொண்டு போக நர்ஸ்கள் கண்டுபிடித்திருந்த குறுக்குவழிகள் 15 வகை. காரணங்கள் 31 வகை. பட்டை நனைந்திருக்கும், நோயாளி அதைக் கடித்திருப்பார், ஸ்கேனரில் சார்ஜ் இறங்கியிருக்கும். அதனால் நோயாளியின் பார்கோடை நகலெடுத்துக் கதவு நிலையிலும் தங்கள் இடுப்புப்பட்டை வளையத்திலும்கூட ஒட்டி வைத்தார்கள். வேலை சுலபமானது, மருந்து உரியவருக்குத்தான் போகிறது என்ற உறுதி போய்விட்டது.

இந்த முறையை நர்சிங் மாணவிகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது? கலப்புமுறைக் கற்றல் கைகொடுக்கிறது: ஒரு பகுதியை இணையத்தில் அவரவர் வேகத்தில், மீதியைக் கூடத்தில் நேரில் கற்பது. கணினி எதை எதோடு ஒப்பிடுகிறது என்பதை வீட்டில் வீடியோவில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். கைப்பழக்கமோ நீச்சலைப் போல, இறங்கினால்தான் வரும். பயிற்சிக்கூடத்தில் பொம்மை நோயாளிக்கும் பட்டை கட்டியிருக்கும். கான்சஸ் பல்கலைக்கழக நர்சிங் பள்ளி, 2000களின் தொடக்கத்திலேயே செர்னர் என்ற மென்பொருள் நிறுவனத்தோடு சேர்ந்து, மருத்துவமனைகள் பயன்படுத்தும் மென்பொருளையே கற்பனை நோயாளிகளோடு வகுப்புக்குக் கொண்டுவந்தது.

இத்தகைய பயிற்சியில் ஆசிரியர் வேண்டுமென்றே பிழைகளை ஒளித்து வைக்கலாம்: கிழிந்த பட்டை, இரட்டிப்பு அளவு, ஒரே பெயரில் இருவர். எச்சரிக்கை ஏன் வந்தது என்று மாணவி யோசித்தே ஆக வேண்டும்; நிறுத்துவதா, மருந்தகத்தைக் கேட்பதா என்று முடிவெடுக்க வேண்டும். தவறினால் நோகப்போவது பொம்மைக்குத்தான். கணினியை எதுவரை நம்பலாம் என்பதை வார்டுக்குப் போகும் முன்பே அவர் அறிந்துகொள்கிறார்.