முள் இறங்கினா கூலா? உஷார் மச்சி!

மே மாச மத்தியானம். ஈக்காட்டுத்தாங்கல் மெட்ரோ ஸ்டேஷன் கிட்ட டிராஃபிக்கில் நானும் பெரியப்பாவும் மாட்டிக்கொண்டோம். கூடவே அவரோட செல்லப் பிள்ளை... பழைய பிரீமியர் பத்மினி!

வண்டி நகரவே இல்லை. டெம்பரேச்சர் முள் முக்கால் வரை ஏறியது. பெரியப்பா முகம் மாறியது. கொஞ்ச நேரத்தில் முள் தானாகவே சரசரவென்று இறங்க ஆரம்பித்தது.

"பாருங்க பெரியப்பா, சூடு குறைஞ்சிடுச்சு. கவலையே படாதீங்க!"

சொன்னது யார்? மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம் படிக்கும் அடியேன்தான். ஐந்து நிமிஷத்தில் கருகல் வாசனை, டொக் டொக் சத்தம், இன்ஜின் ஆஃப்!

தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்த சந்து ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறந்தார். ரேடியேட்டர் ஹோஸ் கிழிந்து தண்ணீர் மொத்தமும் காலி.

"தம்பி, முள்ளு தண்ணியோட சூட்டைத்தான் காட்டும். தண்ணியே இல்லைன்னா எதைக் காட்டும்?"

செமஸ்டரில் நான் எழுதாத பதில் அது! விஷயம் சிம்பிள். இன்ஜின் ஹெட்டில் தண்ணீர் ஓடும் பாதையில் குட்டியாக ஒரு சென்சார் இருக்கும். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும், கரண்ட் கூடும், முள் மேலே போகும். ஆனால், அது தண்ணீரில் முங்கியிருக்க வேண்டும். தண்ணீர் வடிந்துவிட்டால் சுற்றிலும் காற்றும் ஆவியும்தான். அதற்குத் தண்ணீர் மாதிரி சூட்டைக் கடத்தத் தெரியாது. உள்ளே உலோகம் கொதிக்க, வெளியே முள் நல்ல பிள்ளையாக இறங்கும்!

சரி, டிராஃபிக்கில் மட்டும் ஏன் சூடாகிறது? இப்போதைய கார்களில் ஃபேனுக்குத் தனி மோட்டார். வண்டி நின்றாலும் அது முழு வேகத்தில் சுற்றும். பத்மினி ஃபேன் இன்ஜின் பெல்ட்டில் சுற்றுவது. ஐடிலிங்கில் அதுவும் தூங்கி வழியும்.

பயத்தில் உடனே ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க, ப்ளீஸ்! உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி திறந்த நொடி அத்தனையும் பொங்கி மூஞ்சியில் அடிக்கும். அரை மணி நேரமாவது ஆறட்டும்.

மீட்டர் மேலேயே சந்தேகமா? அண்ணன் ஒரு டெஸ்ட் காட்டினார். சாவியை ஆன் பண்ணி, சென்சார் ஒயரைக் கழற்றி, ஒரே ஒரு நொடி இன்ஜின் உலோகத்தில் தொட்டார். முள் விறுவிறுவென்று உச்சிக்கு ஓடியது. அப்போ மீட்டரும் ஒயரும் ஓகே. (அந்த மீட்டரைப் பார்த்துத் தப்பாகப் புரிந்துகொண்டவன்தான் ஓகே இல்லை!)

'தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டா ஹீட்டே ஆகாது'ன்னு ஊர் பூரா ஒரு வைத்தியம் உண்டு. கிழிந்த ஹோஸுக்கு அது என்ன செய்யும்? பெட்ரோல் குடிப்பதுதான் மிச்சம்.

எங்கள் கதைக்கு வருவோம். ஹெட் கேஸ்கெட் போச்சு. அலுமினிய ஹெட் வளைந்து, லேத்துக்குப் போய் ஃபேஸிங் பண்ண வேண்டியதாச்சு. பில்லைப் பார்த்த பெரியப்பா என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டலை. அதுதான் ரொம்ப வலித்தது.

இப்போ தினமும் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது, மூடியைத் திறந்து தண்ணீர் பார்ப்பது என் டியூட்டி. போன வாரம்தான் சாவியை மறுபடி கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, அவரும் ஒரு தடவை மூடியைத் திறந்து பார்த்தார்!