ஏரோகிராம் வாசித்த பிள்ளைகள்

1980களில் வாப்பா சவூதிக்கோ குவைத்துக்கோ போன கிழக்கிலங்கையின் நிந்தவூர் வீடுகளில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு வேலை கூடுதலாக வந்து சேர்ந்தது. ஏரோகிராமைக் கிழியாமல் பிரித்து, உம்மாவுக்கும் மூத்தம்மாவுக்கும் வாசிக்க வேண்டும். அவர்கள் சொல்லச் சொல்லப் பதில் எழுத வேண்டும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்கும் ஊர் இது. வாப்பா கடல் கடந்தாலும் உம்மாவைச் சுற்றித் தாயும் சகோதரிகளும் இருந்தார்கள். சோறும் ஆறுதலும் அவர்களிடம் கிடைக்கும். எழுத்துக்குத்தான் பிள்ளை வேண்டியிருந்தது. கடன், அடகு வைத்த நகை, குமரின் கல்யாணப் பேச்சு எல்லாம் அந்தச் சின்ன வாய் வழியாகவே போய்வந்தன. உம்மா அழுதுவிடுவார் என்று சில வரிகளைப் பிள்ளைகள் வாசிக்காமல் தாண்டியதும் உண்டு. அந்தப் பக்குவம் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. மறுநாள் இரவு, இங்கே கிழக்கிலேயே உள்ள காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குவைத்தில் இருந்தவர் ஊரை நினைத்துத் துடித்தார். ஊர் அவரை நினைத்துத் துடித்தது. நடுவில் கடிதம் இல்லை.

இன்று இமோ வீடியோ அழைப்பில் முகமே தெரிகிறது. தாண்டி வாசிக்க வழியில்லை. ஆனால் பிள்ளையின் வேலை கூடித்தான் இருக்கிறது, ஏனென்றால் பல வீடுகளில் இப்போது வெளிநாடு போகிறவர் உம்மா. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய், வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போகக் கூடாது என்று 2013இல் விதி வந்தது. 2022இல் அந்த வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. வயதெல்லை கடைசிப் பிள்ளையைத்தான் அளக்கிறது. அவனைத் தூக்கி வளர்க்கப்போகிற ராத்தாவுக்கு எந்த அளவும் இல்லை. வங்கியின் ஆங்கிலக் குறுஞ்செய்தி, மூத்தம்மாவின் கிளினிக் நாள், தம்பியின் பாடசாலைக் கூட்டம் எல்லாம் அவள் பொறுப்பு. தமிழ் 1987 முதல் அரசகரும மொழி. இருந்தும் சிங்களத்தில் மட்டும் வரும் கடிதங்கள் நிற்கவில்லை. அதற்கும் அவள்தான் ஆள் தேடி அலைகிறாள்.

குடும்பத்தோடு வெளிநாடு போனவர்களிடம் இது இன்னும் கடுமை. டாக்டரின் ஆங்கிலத்துக்கும் உம்மாவின் தமிழுக்கும் நடுவே பத்து வயது மகன் நிற்கும்போது, பெண்களுக்கான நோயை உம்மா எப்படி முழுதாகச் சொல்வார்?

ஒப்பந்தம் முடிந்து திரும்பும் உம்மாவுக்கு ஊரைத் திருப்பிக் கொடுப்பதும் மகள்தான். எந்த வீட்டில் மையித்து விழுந்தது, எந்தக் கல்யாணத்துக்கு முதலில் போக வேண்டும், தம்பி இப்போது எதைச் சாப்பிடுகிறான் என்று உம்மாவுக்கு அவளே சொல்லிக்கொடுக்கிறாள். பிரதேச செயலகத்தில் கடிதம் வாசித்து, படிவம் நிரப்பிக் கொடுக்க ஒரு மேசையும் ஒரு ஆளும் போட்டால், அவளுக்கு ஓ.எல். படிக்கக் கொஞ்சம் நேரமாவது மிஞ்சும்.