பிணக்கு முற்றுமுன்

குடும்பத்தில் பிணக்கு வருவது இயல்பு. அதை எவ்வாறு பேசித் தீர்க்கிறோம் என்பதே முக்கியம். அமெரிக்காவின் டென்வர் பல்கலைக்கழக உளவியலாளர் ஹவார்ட் மார்க்மனும் குழுவினரும் 1980களில் தம்பதியருக்கென ஒரு பயிற்சியை வளர்த்தெடுத்தனர். பிரியும் நிலை வந்தபின் அல்ல, திருமணத்துக்கு முன்பே கற்பிப்பது அதன் நோக்கம்.

முறை இலகுவானது. பேசுபவர் கையில் ஓர் அட்டை இருக்கும். “நீ இப்படித்தான்” என்று குற்றஞ்சாட்டாமல், அவர் தம் மனத்திலுள்ளதைச் சுருக்கமாகச் சொல்வார். மற்றவர் குறுக்கிடாமல் கேட்டு, விளங்கியதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்வார். பின்னர் அட்டை கைமாறும். இருவரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொண்ட பின்பே தீர்வு பற்றிய பேச்சு.

ஆனால் அடி உதை நடக்கும் வீட்டுக்கு இது மருந்தல்ல. வாய்திறக்கவே அஞ்சுபவரிடம் அட்டையைக் கொடுத்துப் பயனில்லை. அவருக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு.