நட்டு போனா போகட்டும், ஸ்டட்டைக் காப்பாத்துங்க

பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடின ஒரு லாரி. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கட் போயிடுச்சு, மாத்தணும். கேஸ்கட்டை வைக்கிறது பெரிய வேலையே இல்ல. ஆனா மேனிஃபோல்டைப் பிடிச்சிருக்கிற நட்டுகள் துரு ஏறி, அதோட சேர்த்தே வார்த்த மாதிரி நிக்கும். அதுல ஒரு ஸ்டட் சிலிண்டர் ஹெட்டுக்குள்ள முறிஞ்சா, ஹெட்டையே இறக்க வேண்டி வரலாம். சொந்த வண்டி வச்சு ஓட்டுறவருக்கு அப்போ லோடும் போச்சு, அந்த மாச டியூவும் இடிக்கும்.

எக்ஸாஸ்ட் நட்டு மட்டும் ஏன் இப்படி அடம் பிடிக்குது? முழு லோடுல மேடு ஏறும்போது டீசல் எக்ஸாஸ்ட் வாயு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நட்டு மேல இருக்கிற எண்ணெய்ப் பசை எல்லாம் கருகிடும். துத்தநாகப் பூச்சும் ரொம்ப நாள் தாங்காது. துத்தநாகம் சுமார் 420 டிகிரியிலேயே உருகுற உலோகம். அப்புறம் வண்டி ஆறும், மழைத் தண்ணி தெறிக்கும், மறுபடி சூடாகும். இரும்பு துருவா மாறினா குறைஞ்சது இரண்டு மடங்கு இடம் எடுக்கும். மரைக்கு நடுவுல இருக்கிற துளி இடைவெளி நிரம்பி, துருவே உள்ளிருந்து நட்டை இறுக்கிடும்.

இந்த நேரத்துல எல்லாருக்கும் வர்ற ஐடியா, ஸ்பேனர்ல ஒரு பைப்பை மாட்டி ஏறி மிதிக்கிறது. எஸ்.ஓ.எம்.ல படிச்ச டார்ஷன் ஃபார்முலாவை ஒரு நிமிஷம் ஞாபகப்படுத்துங்க. தண்டு தாங்குற டார்க், விட்டத்தோட மும்மடிக்கு நேர்விகிதம். 10 மி.மீ. ஸ்டட் துரு தின்னு 8 மி.மீ. ஆகியிருந்தா 0.8 × 0.8 × 0.8 = 0.512. அதாவது பலம் பாதி. நட்டோட உராய்வோ பல மடங்கு ஏறியிருக்கு. நீங்க எவ்வளவு பலமா மிதிச்சாலும் முதல்ல விட்டுக்கொடுக்கப் போறது ஸ்டட்தான். (செமஸ்டர் எக்ஸாம் தவிர இந்த ஃபார்முலா வேற எங்கேயும் வராதுன்னு நினைச்சவங்க கை தூக்குங்க.)

அதனால ஸ்பேனரை எடுக்கிறதுக்கு முன்னாடி, எது உடையலாம், எது உடையவே கூடாதுன்னு பிரிச்சுக்கணும். சைலன்சர் கிளாம்ப், பைப் ஃபிளாஞ்ச்ல இருக்கிறது எல்லாம் இந்தப் பக்கம் போட்டு அந்தப் பக்கம் வர்ற போல்ட். அதோட மல்லுக்கட்டாதீங்க, கிரைண்டர்ல வெட்டித் தள்ளிட்டுப் புதுசு போடுங்க. பொறுமை எல்லாம் ஹெட்டுல இறங்கியிருக்கிற ஸ்டட்டுக்குத்தான்.

முதல் நாள் ராத்திரியே கம்பி பிரஷ்ஷால வெளியே தெரியுற மரையைத் தேய்ச்சுட்டு, துரு இளக்குற ஆயிலை விட்டு ஊற விடுங்க. காலையில இன்னொரு தடவை. பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனரை விட ஆறு முனை சாக்கெட் நல்லது. துரு தின்ன நட்டோட மூலையை மழுங்கடிக்காது. எடுத்ததும் கழட்டுற பக்கம் இழுக்காதீங்க, துளி இறுக்கிப் பாருங்க. துரு நொறுங்கினா லேசா ஒரு அசைவு கிடைக்கும். அப்புறம் கால் சுத்து வெளியே, அரைக்கால் சுத்து உள்ளே, நடுவுல கொஞ்சம் ஆயில். ஸ்டட் ரப்பர் மாதிரி முறுக்கிக்கிற உணர்வு கையில வந்தா அதோட நிறுத்திடுங்க.

அப்படி நின்னா அடுத்தது சூடு. கேஸ் வெல்டிங் டார்ச்சால நட்டை மட்டும் வேகமா சிவக்க வைக்கணும். இரும்பு ஒரு டிகிரிக்கு சுமார் 12 × 10⁻⁶ விரியும். 500 டிகிரி ஏறினா 10 மி.மீ. துளை 0.06 மி.மீ. பெருசாகும். பார்க்க ஒண்ணுமில்லாத நம்பர். ஆனா ஸ்டட்டுக்குச் சூடு போய்ச் சேர்றதுக்கு முன்னாடி துருவை விரிசல் விட வைக்க அதுவே போதும். இன்பிளான்ட் டிரெயினிங்ல நாமக்கல் பக்கம் ஒரு பட்டறையில பார்த்தது: சிவப்பு அடங்கினதும் ஒரு அண்ணன் சாதா மெழுகுவத்தியை நட்டோட ஓரத்துல வச்சார். மெழுகு உருகி மரைக்குள்ள இழுத்துக்கிச்சு. "இப்போ ஸ்பேனரைப் போடு தம்பி"ன்னார். நுண்புழை ஏற்றம்னு புக்குல படிச்சது அதுதான்.

டார்ச் பத்த வைக்கிறதுக்கு முன்னாடி நேத்து விட்ட ஆயிலைச் சுத்தமா துடைச்சிடுங்க. டீசல் லைன், பிரேக் ஹோஸ், வயரிங் பக்கத்துல போகுதான்னு பாருங்க. சில பிரேக் கிளீனர் ஸ்பிரேல குளோரின் கலவை இருக்கும். அது சூட்டுல விஷ வாயுவா மாறும், அதனால அந்த இடத்துல அடிக்கவே அடிக்காதீங்க. சிவந்த மேனிஃபோல்ட் மேல தண்ணி ஊத்தினா வார்ப்பிரும்பு விரிசல் விடும். வண்டிக்கு அடியில படுத்துப் பார்க்கிறப்போ கண்ணாடி கட்டாயம், துரு நேரா கண்ணுலதான் விழும்.

இதுக்கும் அசையலைன்னா நட்டைப் பலி கொடுங்க. ஒரு பக்கத்தை கிரைண்டரால மரை வரைக்கும் மெலிசாக்கி, உளி வச்சு ஒரு தட்டு. நட்டு பிளந்துடும், ஸ்டட் பிழைச்சுக்கும்.

ஸ்டட் முறிஞ்சே போச்சு, ஆனா கொஞ்சம் வெளியே நீட்டிட்டு இருக்குன்னா, அது மேல ஒரு நட்டை வச்சு உள்பக்கம் வெல்டு பண்ணித் திருப்பலாம். வெல்டிங் சூடே பாதி வேலையை முடிச்சிடும். ஹெட்டோட மட்டமா முறிஞ்சிருந்தா நடுவுல சரியா பஞ்ச் வச்சு டிரில் போடணும். ஈஸி அவுட்டை நான் கடைசியாத்தான் தொடுவேன். அது கடினமான ஸ்டீல். உள்ள உடைஞ்சா சாதா டிரில் பிட் அதுல இறங்கவே இறங்காது. லேத் பட்டறைக்குத்தான் போகணும்.

திரும்ப மாட்டும்போது புது ஸ்டட், பித்தளை நட்டு, சூடு தாங்குற ஆன்டி-சீஸ் பேஸ்ட். ஒரு விஷயம் மட்டும் கவனம். T = K F d. உலர்ந்த மரைக்கு K சுமார் 0.2, பேஸ்ட் தடவினா குறைஞ்சிடும். அப்போ அதே டார்க்குக்கு ஸ்டட்ல இழுவிசை அதிகமாகும். மேனுவல்ல இருக்கிறது உலர்ந்த மரைக்கான டார்க்னா, அதைவிடக் குறைச்சு வைங்க. நடுவுல ஆரம்பிச்சு இரண்டு பக்கமும் வெளியே போற வரிசையில, இரண்டு மூணு சுற்றா இறுக்குங்க.

மறுநாள் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும்போது டிக் டிக்னு சத்தமோ, கேஸ்கட் ஓரத்துல கரித்தடமோ இருந்தா இன்னும் லீக் இருக்கு.